சந்தோஷமா ஏதாச்சும் போட்டுக் குடுங்க

டிப்ஸுக்குத் தமிழ்ல சரியான வார்த்தை என்னன்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா? அகராதியைப் புரட்டினா "இனாம்"னு இருக்கும். ஆனா தெருவுல யாரும் "இனாம் குடுங்க"ன்னு கேக்குறதில்ல. "சார், சந்தோஷமா ஏதாச்சும் போட்டுக் குடுங்க." அவ்வளவுதான். கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வர்றவர், கல்யாண மண்டபத்துல எலை எடுக்குற அக்கா, கரண்ட் கனெக்‌ஷன் குடுக்க வந்தவர் (அது வேற கணக்கு, விடுங்க), எல்லாருக்கும் ஒரே வசனம்.

இதுல சந்தோஷம் யாருதுங்கறதுதான் விஷயமே. கேக்குறவரோட சந்தோஷம் இல்ல, கொடுக்குறவனோட சந்தோஷம். அவன் வீட்ல பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்திருந்தா சிலிண்டர்காரருக்கு அன்னிக்கு இருபது ரூவா அம்பேல்.

இதை ஏன் இப்போ எழுதறேன்னா, நான் பொட்டி தட்ட ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆகப் போகுது. கடைசி ரெண்டு வருஷமா என்னோட பொழப்பே டிப்ஸ்தான். வாங்குறது இல்லீங்க. டிப்ஸ் கேக்குற மெஷினுக்கு புரோகிராம் எழுதறது.

முதல்ல டிப்ஸ் விஷயத்துல எனக்குத் தெரிஞ்ச மூணு கட்சிக்காரங்களைச் சொல்லிடறேன்.

முதல் கட்சி எங்க அப்பா. ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். மம்சாபுரத்துலேருந்து சைக்கிள்ல போய் ஷிப்ட் பாத்த ஆளு. அவர் டிப்ஸ் கொடுத்து நான் பாத்ததே இல்ல. கஞ்சம்னு நினைச்சுடாதீங்க. பொங்கலுக்கு எங்க தெருக் கூட்டுற அம்மாவுக்கு வேட்டி சேலையும் அஞ்சு கிலோ பச்சரிசியும் வருஷா வருஷம் போகும். ஆனா ஓட்டல்ல மேஜை மேல காசு வைக்க மாட்டார். கேட்டா, "வேலை வாங்குறவன் சம்பளம் குடுக்கட்டும்டா, நான் எதுக்கு குடுக்கணும்? நான் தோசைக்குக் காசு குடுத்தாச்சு"ன்னுவார்.

ரெண்டாவது என் சென்னை ரூம்மேட். ஒரு பிரியாணி ஆர்டர் பண்ணினா ஆப்ல முப்பது ரூவா டிப்ஸ் போடாம விட மாட்டான். மழை பெய்ஞ்சா அம்பது. "மாப்ள, அவங்க பொழப்பைப் பாத்தா பாவமா இருக்குடா"ம்பான். நல்ல மனசு, மறுக்கல. ஆனா அதே ஆள் டெலிவரி சார்ஜ் முப்பத்தஞ்சு ரூவான்னு காட்டினா கூப்பன் தேடி அரை மணி நேரம் உக்காந்திருப்பான். சார்ஜ்னா வலிக்குது, டிப்ஸ்னா இனிக்குது. ஏன்னா டிப்ஸ்ல இவன் வள்ளல்.

மூணாவது என் ஆன்சைட் மேனேஜர். ஆந்திராக்காரர், இருபது வருஷமா அமெரிக்கா. 2023-ல ஆறு மாசம் டல்லாஸ் போனப்போ முதல் நாள் சாப்பாட்டுலயே பாடம் எடுத்தார்: "பதினெட்டுக்குக் கீழ போட்டா நம்மள இண்டியன்ஸ்னு தனியா முத்திரை குத்துவாங்க, இருபது போட்டுடு." அவருக்கு டிப்ஸ்ங்கறது மானப் பிரச்சனை.

பாவம், மானம், கொள்கைன்னு மூணு பேருக்கும் மூணு காரணம். நான் ரொம்ப நாளா ரெண்டாவது கட்சியிலதான் இருந்தேன். இப்போ அப்பா கட்சிக்குத் தாவிட்டேன், கொஞ்சம் வேற காரணத்துக்காக. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அமெரிக்கக் கணக்கு தெரியாதவங்களுக்காக: அங்க டிப்ஸ் வாங்குற தொழிலாளிக்குன்னு தனியா ஒரு குறைந்தபட்சக் கூலி உண்டு. மத்திய அரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லேருந்து அதே 2.13. மத்த வேலைகளுக்கு மணிக்கு 7.25 டாலர் (அதுவும் 2009-லேருந்து நகரல). நடுவுல இருக்குற 5.12 டாலரை டிப்ஸ் நிரப்பும்ங்கறது ஐதீகம். நிரப்பலைன்னா முதலாளி ஈடுகட்டணும்னு சட்டத்துல இருக்கு. கலிபோர்னியா, வாஷிங்டன் மாதிரி ஏழு மாநிலத்துல இந்த ரெண்டாந்தரக் கூலி கிடையாது, டிப்ஸ் வந்தாலும் வராட்டாலும் முழுக் கூலி. நான் இருந்த டெக்ஸாஸ்ல அந்த 2.13தான்.

அதாவது நான் சாப்பிட்டுட்டு வைக்குற பத்து டாலர் வள்ளல்தனம் இல்ல. அந்தக் கடைக்காரர் கொடுக்க வேண்டிய சம்பளத்தை அவருக்குப் பதிலா நான் கொடுக்கறேன். "சந்தோஷமா."

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. உள்நாட்டுப் போர் முடிஞ்சு அடிமைமுறை ஒழிஞ்ச பிறகு புல்மன் கம்பெனி ரயில்ல தூங்கற வசதியோட பெட்டிகள் விட்டுச்சு. அதுல வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அடிமையா இருந்து விடுதலையான கறுப்பின மக்களை. சம்பளம் ரொம்பக் கம்மி, மீதியைப் பயணிகள் கொடுக்குற டிப்ஸ்ல பாத்துக்கோ. கொடுக்குறவன் சந்தோஷமா இருக்கணுமே, அதனால சிரிச்சுக்கிட்டே இருக்கணும். சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, முதலாளி ஜார்ஜ் புல்மன் பேரால எல்லாருமே "ஜார்ஜ்". 1925-ல பிலிப் ராண்டால்ஃப் தலைமையில அவங்க சங்கம் கட்டி, பன்னண்டு வருஷம் போராடி 1937-ல ஒப்பந்தம் போட்டாங்க. சம்பளம் ஏறுச்சு, வேலை நேரம் குறைஞ்சுச்சு.

பழங்கதைதானேன்னு விட்டுடாதீங்க. 2019-ல டோர்டாஷ்னு அமெரிக்காவுல நம்ம ஸ்விக்கி மாதிரி இருக்குற கம்பெனி மாட்டுச்சு. ஒரு டெலிவரிக்கு இவ்வளவு கிடைக்கும்னு ஒரு தொகை உறுதி சொல்லுவாங்க. வாடிக்கையாளர் டிப்ஸ் போட்டா, அந்த அளவுக்குக் கம்பெனி தன் பங்கைக் குறைச்சுக்கும். நீங்க மூணு டாலர் டிப்ஸ் போட்டா பையனுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் கூடாது, கம்பெனிக்கு மூணு டாலர் மிச்சம். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் நடத்தின விசாரணையில 2025 பிப்ரவரியில 1.675 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. அமேசானோட டெலிவரி டிரைவர்கள் விஷயத்துலயும் இதே கூத்துதான். 2021-ல 6.17 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்துச்சு.

இப்போ என் ஆணிக்கு வரேன்.

என் கம்பெனி ஒரு சாதாரண சர்வீஸ் கம்பெனி. அமெரிக்கக் கிளையண்ட், ஓட்டல் கல்லாப்பெட்டி சாஃப்ட்வேர். கார்டு தேச்சதும் திரையைத் திருப்பிக் காட்டுவாங்களே, 18, 20, 25 சதவீதம்னு மூணு பெரிய பட்டன். அந்தத் திரை எங்க டீமோடது. அதுல எனக்கு வந்த டிக்கெட்டுகளைச் சொல்றேன், கேட்டுக்கோங்க.

"டிப்ஸ் வேண்டாம்" பட்டனை மூணு பெரிய பட்டனோட வரிசையிலேருந்து எடுத்து, கீழ, வெளிர் சாம்பல் எழுத்துல போடணும். முடிச்சேன். ரெண்டாவது, நடு பட்டனை முன்னாடியே தேர்ந்தெடுத்த மாதிரி நிறம் மாத்திக் காட்டணும். முடிச்சேன். மூணாவதுதான் அழகு. டிப்ஸ் சதவீதத்தை வரிக்கு முன்னாடி இருக்குற தொகைக்குப் போடாம, வரி சேர்த்த தொகைக்குப் போடணும். அம்பது டாலர் சாப்பாடு, எட்டு சதவீதம் வரின்னா அம்பத்துநாலு. இருபது சதவீதம் போட்டா முதல் கணக்குல 10 டாலர், ரெண்டாவது கணக்குல 10.80. எண்பது சென்ட் வித்தியாசம். ஒரு வரி கோடு. அந்த ஒரு வரிக்கு ரெண்டு வாரம் டெஸ்டிங், மூணு மீட்டிங், பாராட்டி ஒரு மெயில். மெயில்ல என் பேர் தப்பா இருந்துச்சு.

காலேஜ்ல முதல் தடவை சி புரோகிராம்ல பகா எண்களை வரிசையாப் பிரிண்ட் பண்ண வச்ச ராத்திரி ஞாபகம் இருக்கு. ஹாஸ்டல்ல எவனும் முழிச்சிருக்கல, சொல்றதுக்கு ஆள் இல்லாம வராண்டாவுல நடந்துட்டே இருந்தேன். நாம சொன்னதை ஒரு மெஷின் கேக்குதுங்கற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் இந்தப் பக்கம் வந்தேன். ஏழு வருஷத்துல எழுதின கோடுல பாதி இப்போ உயிரோட இல்ல, மீதி சாம்பல் பட்டன். இதுல இப்போ ஏ.ஐ. வேற. முன்னாடி நான் எழுதுவேன், இன்னொருத்தர் குறை சொல்லுவார். இப்போ அது எழுதுது, நான் குறை சொல்றேன். வேலை சுலபமாயிடுச்சுன்னு மேனேஜருக்குச் சந்தோஷம். எனக்கு என்னவோ, சமைக்கத் தெரிஞ்சவனைப் பரிமாற விட்ட மாதிரி இருக்கு.

பயம் இல்லைன்னு சொல்லல. 2025 ஜூலையில டி.சி.எஸ். தன் ஆட்கள்ல 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறதா அறிவிச்ச அன்னிக்கு எங்க ஆபீஸ் கேன்டீன்ல யாரும் சத்தமாப் பேசல. ஆனா எனக்கு வெறுத்துப் போனது அதனால இல்ல. போன ஏப்ரல்ல என் அப்ரைசல் லெட்டரையும் அந்த டிப்ஸ் திரையையும் ஒரே நாள்ல பக்கத்துப் பக்கத்துல பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதான்னு அப்போதான் உறைச்சுது.

லெட்டர்ல சி.டி.சி.ன்னு ஒரு தொகை இருக்கும். நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். பொண்ணு வீட்ல சொல்றது அந்தத் தொகை, கைக்கு வர்றது வேற தொகை :-). நடுவுல வேரியபிள் பேன்னு ஒரு துண்டு. என்னுதுல பதினஞ்சு சதவீதம். அது எதைப் பொறுத்து வரும்? என் ரேட்டிங்கைப் பொறுத்து, டீமைப் பொறுத்து, யூனிட்டைப் பொறுத்து, கம்பெனி அந்த மூணு மாசத்துல எவ்வளவு சம்பாதிச்சுதுங்கறதைப் பொறுத்து. இதுல என் கையில இருக்குறது முதலாவது மட்டும்தான். அதுவும் பெல் கர்வ் போட்டு, "நீ நல்லாத்தான் பண்ணிருக்க, ஆனா டீம்ல ஒருத்தருக்குத்தான் மேல போட முடியும்"னு முடிஞ்சுடும். அந்த வருஷம் எனக்கு வேரியபிள்ல 60 சதவீதம் வந்துச்சு. கூடவே "அருமையான பங்களிப்பு"ன்னு 500 ரூவா கிஃப்ட் வவுச்சர். அதை வச்சு ஒரு குறிப்பிட்ட கடையில மட்டும் வாங்கலாம், மூணு மாசத்துக்குள்ள.

என் கம்பெனி மட்டும்னு இல்ல. 2022-ல இன்ஃபோசிஸ் ஒரு காலாண்டுக்கு வேரியபிள் பேயைச் சராசரியா 70 சதவீதமாக் குறைச்சது எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. கம்பெனி லாபம் குறைஞ்சா எங்க சம்பளம் குறையும். லாபம் கூடினா? ஃப்ரெஷர்களுக்குக் கொடுக்குற சம்பளம் பத்துப் பதினஞ்சு வருஷமா மூணரை லட்சத்தைச் சுத்தியே நொண்டி அடிக்குது.

இப்போ சொல்லுங்க. சம்பளத்துல ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதை இன்னொருத்தரோட சந்தோஷத்துல கட்டி விட்டு, அது வந்தா நாம நன்றி சொல்லணும், வராட்டா நாம சரியில்லைன்னு நினைச்சுக்கணும். இதுக்குப் பேர் என்ன? டல்லாஸ்ல டிப்ஸ்னு பேர். ஓ.எம்.ஆர்.ல வேரியபிள் பேன்னு பேர். அந்த சப்ளையர் பொண்ணு சிரிச்சுக்கிட்டே "சாப்பாடு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா. நான் சிரிச்சுக்கிட்டே ஸ்டாண்ட்-அப் கால்ல "ஆல் குட்"ங்கறேன்.

நம்ம ஊர்ல இந்த வியாதி எங்கெல்லாம் இருக்குன்னு பாத்தா சுவாரசியமா இருக்கும். பெரிய ஓட்டல்கள்ல சர்வீஸ் சார்ஜ்னு பில்லுலயே சேர்ப்பாங்க. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாச் சேர்க்கக் கூடாதுன்னுச்சு. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போய், 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னதுதான் சரின்னுடுச்சு. ரெண்டே மாசத்துல ஊபர்காரன் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சான். வண்டி வர்றதுக்கு முன்னாடியே டிப்ஸ் போட்டா சீக்கிரம் வண்டி கிடைக்குமாம். சேவைக்கு முன்னாடி கொடுத்தா அது டிப்ஸா, ஏலமா? மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி கண்டிச்சு, நோட்டீஸும் போச்சு.

கோயிலை மறந்துட்டோம் பாருங்க. தட்டுக் காசு. நம்ம ஊர்ல பல சின்னக் கோயில்கள்ல அர்ச்சகர் சம்பளம் சொல்லிக்கிற மாதிரி இருக்காது, தட்டுதான் சோறு. 2025 பிப்ரவரியில மதுரையில ஒரு கோயில்ல தட்டுல விழுற காசையும் உண்டியல்ல போடணும்னு அதிகாரி சுற்றறிக்கை விட, பெரிய ரகளையாகி வாபஸ் ஆச்சு. ரெண்டு பக்கமும் காசு யாருக்குன்னுதான் சண்டை. ஒழுங்கா ஒரு சம்பளம் இருந்தா இந்தத் தட்டு எதுக்குன்னு கேட்டவங்க குறைச்சல். வெளிநாட்டுக் கம்பெனி புதுசா எதையோ கண்டுபிடிச்சுட்டான்னு நாம பதறுறோம், ஆண்டாள் கோபுர நிழல்ல வளர்ந்தவனுக்கு இதெல்லாம் பாத்துப் பழகின ஏற்பாடு.

சரி, டிப்ஸே இல்லாத இடம் உண்டா? ஜப்பான்ல கிடையாது, மேஜையில காசை விட்டுட்டுப் போனா பின்னாடியே ஓடி வந்து திருப்பிக் கொடுப்பாங்கன்னு சொல்லக் கேட்டிருப்பீங்க. அவ்வளவு தூரம் போக வேணாம். எங்க ஊர் புரோட்டா கடைக்கு வாங்க. போன பங்குனிக்கு லீவுல வந்தப்போ ராத்திரி நாலு புரோட்டா, ஒரு ஆம்லெட் சாப்பிட்டுட்டு, டல்லாஸ் பழக்கத்துல எலைக்குப் பக்கத்துல இருபது ரூவா வச்சுட்டு கை கழுவப் போனேன். சப்ளையர் அண்ணே பின்னாடியே வந்துட்டார்.

"தம்பி, காசை வச்சுட்டுப் போறீக."

"இல்லண்ணே, உங்களுக்குத்தான்."

"எனக்கெதுக்கு? மொதலாளி சாயங்காலமே கூலி குடுத்துட்டாருல்ல."

முழிச்சேன். அவரே என் சங்கடத்தைப் பாத்துட்டு, "சரி வாங்க, ரெண்டு டீ சொல்லுவோம்"னு பக்கத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போய், அந்த இருபதுக்கு ரெண்டு டீ வாங்கி, ஒண்ணை என் கையில கொடுத்தார். கொடுக்குறவன் வாங்குறவன்ங்கற மேடு பள்ளத்தை ஒரு டீயில நிரவிட்டார் மனுஷன். அவர் கூலி ஒண்ணும் பெருசு இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா அன்னன்னிக்குப் பேசின கூலி பேசினபடி வந்துடுது. என் மூஞ்சியைப் பாத்து அவர் சிரிக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. சில நாள் சிரிக்கவும் மாட்டார், சால்னா கேட்டா "வருது"ன்னு ஒரு அதட்டல்தான்.

இதைப் படிக்குற நண்பர்கள்ல சிலர் சொல்லப் போறது தெரியுது. "நல்லா வேலை பாக்குறவனுக்கும் சும்மா உக்காந்திருக்குறவனுக்கும் ஒரே சம்பளமா? திறமைக்கு மரியாதை வேணாமா?" நியாயமான கேள்விதான். ஆனா டிப்ஸ் திறமையை அளக்குதாங்கறதுதான் சந்தேகம். கார்னெல் பல்கலைக்கழகத்துல மைக்கேல் லின்னு ஒரு பேராசிரியர், பல வருஷமா டிப்ஸை மட்டுமே ஆராய்ச்சி பண்றவர். சேவை எவ்வளவு நல்லா இருந்துதுங்கறதுக்கும் எவ்வளவு டிப்ஸ் விழுதுங்கறதுக்கும் இருக்குற தொடர்பு ரொம்ப ரொம்பப் பலவீனம்னுதான் அவர் ஆய்வுகள் காட்டுது. எங்க பெல் கர்வை யாராவது அப்படி ஆராய்ஞ்சா இதைவிட மோசமாத்தான் வரும்னு என் சொந்தக் கருத்து. திறமைக்குக் கொடுக்கணும்னா சம்பளத்தை ஏத்திக் கொடுங்க. ஏத்தினா இறக்க முடியாதுங்கறதாலதான் ஏத்த மாட்டேங்கறாங்க.

"பதினஞ்சு லட்சம் வாங்குறவன் சிலிண்டர் தூக்குறவரோட தன்னை ஒப்பிடலாமா?"ன்னு இன்னொரு கேள்வி வரும். கஷ்டத்துல ஒப்பிடல சாமி. என் வேரியபிள் போனா ஒரு போன் மாத்தறது தள்ளிப் போகும், அவருக்கு இருபது போனா ராத்திரிச் சாப்பாடு இடிக்கும். நான் ஒப்பிடறது ஏற்பாட்டை. சொல்லப் போனா எங்களுக்கு இதை மறுக்குற வசதியாவது இருக்கு.

இங்கதான் அப்பா சொன்ன ஒரு விஷயம். என் அப்ரைசல் லெட்டரைக் காட்டி வேரியபிள்னா என்னன்னு விளக்கினப்போ, "அப்போ இது போனஸா?"ன்னு கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான்னேன். "போனஸ்னா லாபம் இல்லைன்னாலும் குடுத்தாகணுமே. உனக்கு ஏன் குறைச்சான்?" என்கிட்ட பதில் இல்ல. தேடிப் படிச்சேன்.

1965-ல வந்த போனஸ் சட்டத்துல குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். 8.33ன்னா பன்னண்டுல ஒண்ணு, ஒரு மாசச் சம்பளம். கம்பெனி லாபம் காட்டலைன்னாலும் கொடுக்கணும். 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் அந்த 8.33 அப்படியே இருக்கு. பழைய சட்டத்துல மாசம் 21,000 ரூவாய்க்கு மேல வாங்குறவங்களுக்கு அது கிடையாது, அதனால எங்க வர்க்கத்துக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது.

அந்த 8.33 சும்மா வந்ததில்ல. 1917-ல அகமதாபாத்ல பிளேக் வந்து ஜனங்க ஊரைக் காலி பண்ணினப்போ, மில் ஓடணுமேன்னு முதலாளிங்க "பிளேக் போனஸ்"னு அள்ளிக் கொடுத்தாங்க. 1918-ல பிளேக் போச்சு, போனஸையும் நிறுத்தினாங்க. விலைவாசி ஏறிப் போயிருந்துச்சு. வேலைநிறுத்தம். காந்தி நடுவுல வந்து 35 சதவீதக் கூலி உயர்வு கேக்கச் சொல்லி, அவரே உண்ணாவிரதம் இருந்தார். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 2021-ல ஆள் நிக்காம ஓடினப்போ எங்க கம்பெனியில "ரிடென்ஷன் போனஸ்" கொடுத்தாங்க. 2023-ல ஓட்டம் நின்னுச்சு, அதுவும் நின்னுச்சு. பிளேக் மாதிரியேதான்.

1924-ல பம்பாய் மில்கள்ல போனஸை நிறுத்தினதுக்குப் பெரிய ஸ்டிரைக் நடந்தப்போ, விசாரிக்கப் போட்ட கமிட்டி, அதுல தொழிலாளிக்கு உரிமை எதுவும் கிடையாதுன்னு சொல்லிடுச்சு. முதலாளி சந்தோஷமாக் கொடுத்தது, சந்தோஷம் போனா போச்சு. அங்கேருந்து 1965-க்கு வந்து சேர நாப்பது வருஷம் ஆச்சு. அப்பா மாதிரி ஆளுங்க தீபாவளிக்கு முன்னாடி போனஸ் பேச்சுவார்த்தைன்னு மில் கேட்ல நின்னதை நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். எத்தனை சதவீதம்னு தெரிஞ்ச பிறகுதான் எங்க வீட்ல துணி எடுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கா ராஜபாளையத்துக்கான்னு முடிவாகும். அந்தக் காசுக்கு அப்பா யாருக்கும் நன்றி சொன்னதில்ல. டிப்ஸ் வைக்காத மனுஷனோட கணக்கு எனக்குப் புரிஞ்சது இங்கதான். இனாமா இருந்ததைச் சம்பளமா மாத்தின பரம்பரை அது. நாங்க படிச்சுட்டு வந்து சம்பளத்தை மறுபடி இனாமா மாத்த விட்டுட்டு, அதுக்கு "பெர்ஃபார்மன்ஸ்"னு பேரும் வச்சுக்கிட்டோம்.

2016-லயே தமிழ்நாடு அரசு ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம்னு தெளிவாச் சொல்லிடுச்சு. எங்க ஃப்ளோர்ல இதை நான் சொன்னப்போ நாலு பேர் சுத்திப் பாத்தாங்க, யாராவது கேட்டுட்டாங்களான்னு.

டெலிவரிப் பையனுக்கு இப்போ என்ன பண்றேன்னு கேப்பீங்க. கொடுக்கறேன். கட்சி மாறினாலும் அவங்க வயித்துல கொள்கை பேச முடியாது. ஆனா ஆப்ல போடறதில்ல, கையில கொடுக்கறேன். ஆப்ல போட்டா அதை வச்சுக் கணக்குப் போடற திரையை எழுதறது என்னை மாதிரி ஒருத்தன்தான், அவனுக்கு என்ன டிக்கெட் வந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா? டெலிவரி சார்ஜ் கூடினா கூப்பன் தேடறதையும் விட்டுட்டேன். ரூம்மேட்டுக்கு இது பைத்தியக்காரத்தனமாத் தெரியுது.

வேலையைப் பத்தி? விடப் போறதில்ல, வீட்டுக் கடன் இருக்கு. மாந்தோப்பு வாங்கி இயற்கை விவசாயம் பண்ணப் போறேன்னு சொல்ற ஜாதி நான் இல்ல. தோப்புக்காரங்க படற பாட்டை வீட்டு வாசல்லேருந்தே பாக்குறவன். வேற ஒரு கம்பெனியில ஆஃபர் வந்திருக்கு, மருத்துவமனை சாஃப்ட்வேர், சாம்பல் பட்டன் கிடையாது. சி.டி.சி. பத்தொன்பது லட்சம், அதுல மூணரை வேரியபிள். நான் கேட்டது, வேரியபிளே வேணாம், பதினேழு கொடுங்க, மொத்தமும் மாசச் சம்பளமா. ஹெச்.ஆர். பொண்ணு மூணு தடவை கேட்டுச்சு, "சார், சி.டி.சி. குறையுதே, பரவாயில்லையா?" பரவாயில்லைன்னேன். "இப்படி யாரும் கேட்டதில்லை சார், மேல கேக்கணும்"னுச்சு.

அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "தனியாவா போய்க் கேட்ட?"ன்னார். ஆமான்னேன். "ம்"னுட்டு, அம்மாகிட்ட போனைக் கொடுத்துட்டார். ஹெச்.ஆர். புதன்கிழமை சொல்றேன்னிருக்காங்க.